கடைசல் மரத்தில் பொன்வரி

காஞ்சிப் பட்டின் சரிகை இழை ஒன்றை நகத்தால் மெல்லப் பிரித்தால், மின்னும் தகட்டுச் சுற்றுக்குள்ளிருந்து சிவப்புப் பட்டுநூல் தலைகாட்டும். தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியை அந்நூலின்மேல் சுற்றிப் பொன்முலாம் ஏற்றியிருப்பர். காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள தாமலிலும், சுற்றிலுமுள்ள ஊர்களிலும் பட்டறிந்தோர் சரிகையின் தரத்தை இப்படித்தான் சோதிப்பர். உள்ளிருக்கும் சிவப்பு பொன்னின் வெம்மையைக் கூட்டுகிறது. சுற்றில் சிறு இடைவெளி விழுந்தாலும் கண் அதைக் குறையென்று காணாது. மரத்தின்மேல் பொன் ரேக்கு ஒட்டும் கலையும் இதே அறிவின்மேல்தான் நிற்கிறது. ஐரோப்பியப் பொற்பணியாளர் ரேக்குக்கு அடியில் செங்களிமண் பூச்சு இடுவதும் இதன்பொருட்டே.

அடிநிறம் மேலே ஏன் தெரிகிறது? ரேக்கு அத்துணை மெல்லியது. அடித்து மெலிவித்த பொன் ரேக்கின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் நானூற்றுச் சொச்சம் அணு அடுக்குகளே உள்ளன. ஒரு கிராம் பொன் இவ்வாறு விரிந்தால் அரைச் சதுர மீட்டர் பரப்பை மூடும். பொன்னின் அணுக்கள் முகமையக் கனசதுர அமைப்பில் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால், ஓர் அடுக்கு மற்றொன்றின்மேல் எளிதில் வழுக்குகிறது. சம்மட்டி அடிக்கு அது உடையாமல் விரிவதற்கு இதுவே காரணம். பொன் நீல ஒளியை விழுங்கி, மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்பும். ரேக்கை ஒளிக்கு எதிரே பிடித்தாலோ பசுமையான ஒளி ஊடுருவி வரும். மைக்கேல் பாரடே 1857-இல் நிகழ்த்திய பேருரை பொன்னுக்கும் ஒளிக்கும் உள்ள இவ்வுறவைப் பற்றியதே.

இம்மென்மையே கடைசற்காரர்க்குப் பெருஞ்சோதனை. சுழலும் மரத்தில் உளி விட்ட வளையக்கோடுகள் வெறும் மரத்தில் கண்ணுக்குப் படாமல் போகலாம்; ரேக்கு ஒட்டியதும் அவை யாவும் ஒளிரத் தொடங்கும். 400 எண் உப்புத்தாளின் துகளே ரேக்கின் தடிமனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பருத்தது. அது கீறிய கீறலை ரேக்கு எங்ஙனம் மறைக்கும்? கிண்ணமாகக் கடைந்த மரத்தில் இன்னுமொரு இடர் உண்டு. விளிம்பைச் சுற்றி வருகையில் எதிரெதிரே இரண்டு இடங்களில் மரநாரின் வெட்டுமுனை வெளிப்படுகிறது. அங்குள்ள நுண்குழல்கள் பசையை உறிஞ்சிவிடும். ஏனைய இடங்களில் பிடித்த ரேக்கு அவ்விரு இடங்களில் மட்டும் உதிரும். ஆதலால் முதலில் அரக்குக் கரைசலால் மரத்தை அடைத்து, உலரவிட்டுத் தேய்த்து, மீண்டும் பூச வேண்டும். ரேக்கு ஒட்டுவது சிறு பொழுதின் வேலை. அடித்தளம் அமைப்பதற்கே நாள்கள் வேண்டும்.

மரம் ஓய்ந்திருக்கும் பொருளும் அன்று. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கையில் மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு நீரைக் கொண்டிருக்கும். ஐப்பசி அடைமழையில் ஈரப்பதம் 80-ஐ எட்டி, அந்நிலை நீடித்தால், நீர் 16 விழுக்காட்டை நெருங்கும். அப்போது மரம் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் விரிவது, ஆரத் திசையில் விரிவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. வட்டமாகக் கடைந்த கிண்ணம் நீள்வட்டமாகத் திரிவது இதனால்தான். மெல்லிய ரேக்கு இவ்வசைவுக்கு ஓரளவு இணங்கிவிடும். அடியிலுள்ள சுண்ணப் பூச்சு தடித்திருந்தால் அதுவே வெடிக்கும். தஞ்சை ஓவியர் பலகையில் துணி ஒட்டி அதன்மேல் சுண்ணக் கலவை இடுவது இவ்வகையில் நுட்பமானது. மரத்தின் இழுப்பைத் துணி வாங்கிக்கொள்கிறது.

கடைசலும் உலோகமும் கூடும் கலைக்கு இந்தியாவில் சிறந்த சான்று குசராத்தின் சங்கேடா. அங்குத் தேக்கில் கடைந்த ஊஞ்சற்கால்களிலும் தொட்டிற்கால்களிலும் பொன்னிறக் கோலங்கள் மின்னும். அவற்றில் பொன் கிடையாது, இருப்பது வெள்ளீயம். அதைப் பொடித்துப் பசையில் குழைத்துத் தூரிகையால் வரைவர். உலர்ந்ததும் சாம்பல் நிறத்தில் பொலிவின்றிக் கிடக்கும். அகேட்டுக் கல்லால் அழுத்தித் தேய்த்தவுடன் வெள்ளிபோல் ஒளிரும். வெள்ளீயம் மிக மென்மையானது, கல்லோ கடினமானது. ஆதலின் துகள்கள் நசுங்கி ஒன்றோடொன்று இணைந்து கண்ணாடிபோன்ற பரப்பாகின்றன. அதன்மேல் அரக்கு ஏறுகிறது. வரும் ஒளி அரக்கினூடே ஒருமுறை கடந்து, வெள்ளீயத்தில் பட்டுத் திரும்புகையில் மறுமுறை கடக்கிறது. இருமுறையும் நீலம் வடிகட்டப்படுவதால் வெள்ளொளி பொன்னொளியாகக் கண்ணை அடைகிறது. அதே அரக்கு காற்றையும் ஈரத்தையும் தடுத்து உலோகத்தைக் காக்கிறது. இத்துணைச் சிக்கனத்தில் இத்துணை அழகு காட்டும் வேறொரு மரப்பணியை நான் அறியேன்.

செப்புச் சாமான் எனும் மர விளையாட்டுக் கலங்கள் செய்யும் அம்பாசமுத்திரத்தாரும், வெட்பாலை மரத்தைக் கடையும் சன்னபட்டணத்தாரும் அரக்கின் இயல்பை நன்கறிந்தவர்கள். சுழலும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தினால், உராய்வின் வெம்மையிலேயே அது உருகிப் படியும். வண்ண வளையங்களுக்கிடையே மெல்லியதோர் உலோக வரி வைக்க அவர்களுக்குப் புதிய கருவி தேவையில்லை. கடைசலின்போதே ஆழமற்ற ஒரு பள்ளம் எடுத்துவிட்டால் போதும். ரேக்கு அப்பள்ளத்துக்குள் ஒதுங்கியிருப்பதால் கைபட்டுத் தேயாது.

கிண்ணம் முழுவதையும் பொன்னால் போர்த்துவதை நான் ஏற்கமாட்டேன். மரவரியை மறைத்துவிட்ட பின் அது மரத்தால் ஆனதென்பதற்கு என்ன பொருள்? பட்டுடலின் நிறத்தைக் கரைச்சரிகை எடுத்துக்காட்டுவதுபோல் ஒரு விளிம்போ இரு வரியோ போதும்.

உலோகத் தேர்வில் விழிப்பு வேண்டும். தூய பொன் காற்றில் மாறாது. வெள்ளி ரேக்கு காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். பொன்போல் தோன்றும் மலிவு ரேக்கு பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. மேலே காப்புப் பூச்சு இல்லையெனில் பழுப்பேறிப் பச்சை பூக்கும். புளியும் எலுமிச்சையும் படும் கலத்தில் அச்செம்பு உணவில் கரையும். ஆகவே, கடைந்த கிண்ணத்தில் உணவு பரிமாறுவதானால் அதன் உட்புறத்தில் பித்தளை ரேக்கை ஒட்டாதீர்கள்.