எச்சில் ஒழுகுவதை எப்படி அளப்பது?

பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு எச்சில் ஏன் ஒழுகுகிறது? பெரும்பாலும் அதிகம் சுரப்பதால் அல்ல. உதடும் நாக்கும் தொண்டையும் ஒன்றுக்கொன்று இசைந்து விழுங்காததால். தலை கவிழ்ந்திருந்தால் இன்னும் மோசம்.

எத்தனை மில்லிலிட்டர் என்று அளந்துவிடலாம். அம்மாவின் கணக்கு வேறு: இன்று எத்தனை சட்டை மாற்றினோம்? மெல்போர்னில் உருவாகி 2010-இல் வெளியான அளவுகோல் அந்தக் கணக்கைத்தான் கேட்கிறது. கடந்த ஒரு வாரத்தைப் பற்றி 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். நாற்றம் உண்டா, மோவாய்த் தோல் புண்ணாகிறதா, பொம்மையையும் மேசையையும் எவ்வளவு துடைக்க வேண்டியிருக்கிறது, பிள்ளை கூச்சப்படுகிறதா, வீட்டார் வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது? சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கேட்டால், கூட்டுத்தொகை இறங்கியதா என்று தெரிந்துவிடும். ஒரு குறை: பதில் சொல்பவர் பெற்றோர், பிள்ளையின் கூச்சத்தை அவர்கள் ஊகிக்கத்தான் முடியும்.