பங்குனி வட்டையில் புறப்படும் பறவைகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் வசந்தகாலம் என்பது பறவைகள் வந்து சேரும் காலமாகும். குளிர்காலத்தை ஆபிரிக்காவில் கழித்த தகைவிலான்களும் குயில்களும் ஏப்ரல் மாதத்தில் அங்குள்ள வயல்வெளிகளிலும் வேலியோரங்களிலும் தென்படத் தொடங்க, அவற்றைக் காண்பதற்காகவே மக்கள் விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகின்றனர். அதே காலத்தில், மார்ச், ஏப்ரல் மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள நிந்தவூரில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது: ஐப்பசி, கார்த்திகையிலிருந்து இங்கு தங்கியிருந்த வடநாட்டுப் பறவைகள் உண்டு கொழுத்து, நிறம் மாறி, கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டுச் செல்கின்றன. வசந்தம் எனத் தனியாக ஒரு பருவம் நிந்தவூர் அடங்கும் அம்பாறைக் கரையோரத்தில் இல்லை. மாரி ஓய்ந்து பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்த பின்னும், கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வலுப்பதற்கு முன்னும் வரும் பங்குனி, சித்திரை மாதங்களே பறவைகளின் கணக்கில் இவ்வூரின் வசந்தமாகும்.

நிந்தவூரின் நிலவமைப்பு இப்பறவைகளுக்கு ஏற்றதாக அமைந்திருப்பது தற்செயலன்று. கிழக்கே கடல், அதையொட்டி மணல்மேடு, மணல்மேட்டின் பின்புறம் தோணா எனப்படும் ஆழமற்ற நீர்ப்பரப்பு, அதற்கப்பால் குடியிருப்பு, மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்வட்டை என ஊர் ஒரு சில கிலோமீற்றருக்குள் நான்கைந்து வகை வாழிடங்களைக் கொண்டிருக்கிறது. பட்டிப்பளை ஆறு என்று தமிழில் வழங்கும் கல்லோயாவின் வண்டல் படிந்த சமவெளியே இது. 1949 இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரம் உருவான பின்னர், இச்சமவெளியின் பெரும்பகுதி இருபோகமும் நீர் பாயும் நெல்வயலாயிற்று. ஊரின் தெற்கே களியோடை ஆறு கடலை நாடிச் செல்கிறது.

இங்கு ஒரு செய்தியை விளக்குவது அவசியம். இங்கிலாந்தின் கழிமுகங்களில் கடல்நீர் நாளுக்கு இருமுறை பல மீற்றர் உயர்ந்து தாழ்வதால் பரந்த சேற்றுநிலம் வெளிப்பட்டு, கரையோரப் பறவைகளுக்கு உணவிடமாகிறது. இலங்கையைச் சூழ்ந்த கடலிலோ வற்றுப்பெருக்கின் அளவு ஒரு மீற்றரையும் எட்டாது. ஆகவே இக்கரையில் சேற்றை வெளிக்காட்டும் வேலையை ஆண்டுக்கொருமுறை மாரியும் கோடையும் செய்கின்றன. வடகீழ்ப் பருவமழையில் நிரம்பி வழியும் தோணாவும் ஆற்றுவாயும், கடலை மறித்து நிற்கும் மணல்திட்டு உடைந்தோ மக்களால் வெட்டப்பட்டோ வடியத் தொடங்கி, மாசி, பங்குனியில் ஓரங்களில் வற்றி, புழுவும் பூச்சியும் சிறுநத்தையும் நிறைந்த ஈரச்சேற்றை விட்டுச் செல்கின்றன. இதே வாரங்களில்தான் வடக்கே செல்லவேண்டிய பறவைக்கு அதிக உணவு தேவைப்படுகிறது.

வலசை, அதாவது பறவைகள் ஆண்டுதோறும் இனப்பெருக்கம் செய்யும் இடத்துக்கும் குளிர்காலத்தைக் கழிக்கும் இடத்துக்குமிடையே மேற்கொள்ளும் பயணம், குறிப்பிட்ட சில வான்வழிகளிலேயே பெரும்பாலும் நடைபெறுகிறது. இலங்கை மத்திய ஆசிய வான்வழியின் தென்கோடி. ஆர்க்டிக் கடலோரத்திலிருந்து இந்து சமுத்திரம் வரை 30 நாடுகளைத் தழுவிய அவ்வழியில் இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரையில் பெருநிலம் எதுவுமில்லை. தீவினுள் பறவைகள் நுழையும் பாதைகளை மேற்குப் பாதை, கிழக்குப் பாதை, அந்தமான் பாதை என மூன்றாக இலங்கைப் பறவையியலாளர் வகுத்துள்ளனர். இவற்றுள் பின்னிரண்டும் கிழக்குக் கரையைத் தொடுகின்றன.

பங்குனி மாதக் காலையில் தோணாவின் ஓரத்தில் காணக்கூடிய பறவைகளில் உள்ளான்கள் முதன்மையானவை. உள்ளான் என்ற பொதுப்பெயருக்குள் பல இனங்கள் அடங்கும். அவற்றை வேறுபடுத்தி அறிவதற்கு நிறத்தைவிட அலகும் நடையும் நன்கு உதவும். நீண்ட செந்நிறக் கால்களையுடைய பவளக்கால் உள்ளான் முழங்காலளவு நீரில் நின்று மேற்பரப்பிலுள்ள பூச்சியைக் கொத்துகிறது. அது இங்கேயே கூடுகட்டும் பறவை. கீழ்நோக்கி மெல்ல வளைந்த கரிய அலகுடைய, சுமார் 60 கிராம் எடைகொண்ட சிறிய உள்ளானொன்று வயிறு நனையுமளவு நீரில் இறங்கி, தையல் இயந்திரத்தின் ஊசியைப்போல் அலகைச் சேற்றில் விடாது குத்திக் குத்தி எடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இரையை அலகு நுனியின் தொடுவுணர்வாலேயே அது கண்டுபிடிக்கிறது. உப்புக்கொத்திகளின் முறை வேறு: குட்டையான அலகும் பெரிய கண்ணுமுடைய அவை சில அடி தூரம் ஓடி, திடீரென நின்று, பார்த்து, குனிந்து ஒரு கொத்துக் கொத்தி மறுபடி ஓடுகின்றன. இவ்வேறுபாட்டினால்தான் ஒரே சேற்றுத் திட்டில் ஐந்தாறு இனங்கள் ஒன்றின் இரையை மற்றொன்று பறிக்காமல் வாழ முடிகிறது.

மார்கழியில் பார்த்தால் இவற்றுள் வலசை வந்தவை பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றும். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குவோர் சலித்து விடுவதற்கு இதுவே காரணம். பங்குனியிலிருந்தோ ஒவ்வொன்றும் தன் மணக்கோலத்தை அணியத் தொடங்குகிறது. மேற்கூறிய வளைந்த அலகுடைய உள்ளானின் வெண்ணிற மார்பில் செங்கல் நிற இறகுகள் முதலில் புள்ளிகளாகவும் பின்னர் திட்டுகளாகவும் முளைத்து, சித்திரை நடுப்பகுதியில் சில பறவைகளின் அடிப்பகுதி முழுவதும் சிவந்து விடுகிறது. பொன்னிற உப்புக்கொத்தியின் முகத்திலிருந்து வயிறுவரை கருமை பரவுகிறது. வயலின் மேல் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும் மீசை ஆலாவின் தலையில் கருந்தொப்பி அமைந்து, வயிறு கருஞ்சாம்பல் நிறமடைகிறது. இங்கிலாந்தில் வசந்தப் பறவையைப் பார்ப்பவர் முழுமை பெற்ற கோலத்தையே காண்கிறார். நிந்தவூரில் பார்ப்பவரோ அக்கோலம் நாளுக்குநாள் உருவாவதைக் காண்கிறார். பறவை பார்ப்போருக்கு இதைவிடச் செழுமையான பருவம் வேறில்லை என்றே கூறவேண்டும்.

நிறமாற்றத்துடன் உடலினுள்ளும் மாற்றம் நிகழ்கிறது. புறப்படுவதற்கு முந்திய சில வாரங்களில் பறவை வழக்கத்தைவிட மிக அதிகமாக உண்டு, தோலுக்கடியிலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கிறது. ஒரு கிராம் கொழுப்பு அதே அளவு மாச்சத்தைவிட இருமடங்குக்கும் அதிகமான சக்தியைத் தருவதால், நெடும்பயணத்துக்குக் கொழுப்பே உகந்த கட்டுச்சோறு. நெடுந்தூரம் செல்லும் சில உள்ளான்களின் எடை ஏறக்குறைய இருமடங்காவதும், பயணத்துக்குச் சற்றுமுன் அவற்றின் இரைப்பையும் குடலும் சுருங்கிப் பாரம் குறைவதும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளன. செங்கல் நிறம் பெறும் அந்த உள்ளான் கூடுகட்டுவது சைபீரியாவின் ஆர்க்டிக் சமவெளியில், அதாவது இங்கிருந்து 7,000 கிலோமீற்றருக்கும் அப்பால். அங்கு கோடை மிகக் குறுகியது. தாமதமாகவோ மெலிந்தோ வந்து சேரும் பறவை அவ்வாண்டு குஞ்சு பொரிக்கும் வாய்ப்பை இழக்கிறது. எனவே நிந்தவூர்த் தோணாவில் பங்குனியில் கிடைக்கும் புழுவின் அளவு, ஆனி மாதத்தில் சைபீரியாவில் பொரிக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கையில் பங்கு வகிக்கிறது. இத்தொடர்பை உணர்ந்தவர்கள் தோணாவை வெறும் கழிவுநீர்ப் பள்ளமாகக் கருத மாட்டார்கள்.

புறப்படவேண்டிய நேரத்தைப் பறவை எவ்வாறு அறிகிறது என்ற வினாவுக்கு, பகல் நீள்வதைக் கொண்டு என்ற விடை ஐரோப்பாவுக்குப் பொருந்தும். ஆனால் நிந்தவூர் அமைந்துள்ள அகலாங்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்குமுள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்பதால் இங்கு அவ்விடை போதாது. ஜேர்மனிய விஞ்ஞானி எபர்ஹார்ட் குவின்னர் 1960 களில், பகலிரவு அளவு மாறாத அறைகளில் பறவைகளை வளர்த்துப் பார்த்தபோது, அவை வெளியுலகக் குறிப்பு எதுவுமின்றியே ஏறத்தாழ ஆண்டுக்கொருமுறை இறகுதிர்த்து, பயணக் காலத்தில் இரவில் அமைதியிழந்து படபடத்தன. உடலினுள் ஓர் ஆண்டுக் கடிகாரம் இயங்குவதை அது காட்டிற்று.

வயல்வட்டையின் காட்சி வேறொரு விதமானது. வெட்டு முடிந்து சிறுபோகத்துக்காக வயலில் நீர் கட்டி உழவு மெசின் இறங்கும்போது, புரளும் மண்ணிலிருந்து வெளிப்படும் பூச்சிகளுக்காக உண்ணிக்கொக்குகள் சில்லுகளின் அருகிலேயே நடக்க, அவற்றின் மேலே ஆலாக்கள் வட்டமிடுகின்றன. உண்ணிக்கொக்கின் தலையிலும் முதுகிலும் இக்காலத்தில் தோன்றும் செம்மஞ்சள் நிறமும் இனப்பெருக்கக் கோலமே. மாலையில் மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக அமர்கின்றன. இங்கிலாந்தின் வசந்தத்தை அறிவிப்பதும் இதே இனம்தான் என்றாலும், அங்கு செல்பவை தென்னாபிரிக்காவில் மாரி கழித்தவை. இங்கிருப்பவை ஆசியாவின் வடபகுதிக்குரியவை. நீலவால் பஞ்சுருட்டான்களில் பெரும்பாலானவை புறப்பட்டுச் செல்ல, சில மட்டும் கிழக்கு மாகாணத்தில் தங்கி மணற்கரைகளில் வளை தோண்டிக் கூடு அமைக்கின்றன. அதிகாலையிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி எனப்படும் பலவண்ணப் பறவை, மரநிழல் அடர்ந்த வளவுகளில் ஐப்பசி முதல் தங்கியிருந்துவிட்டுச் சித்திரையில் இந்தியாவுக்குத் திரும்புகிறது.

செல்லும் பறவைகளுக்கு இடையில் தங்கும் பறவைகள் கூடுகட்டத் தொடங்குகின்றன. இவற்றுள் ஊரவர் நன்கறிந்தது, நாட்டார் பாடலிலும் இடம்பெற்ற ஆக்காண்டி எனும் ஆட்காட்டிக்குருவி. வரம்போரத்து வெறுந்தரையில், சிறு கற்களைச் சுற்றி வைத்ததுபோன்ற ஒரு குழியில், மண்ணிறத்தில் கரும்புள்ளி தெளித்த நான்கு முட்டைகளை இடுகிறது. கூர்முனைகள் நடுவில் சேருமாறு கிடக்கும் அம்முட்டைகளை ஓரடி தூரத்தில் நின்றும் காணாமல் போகலாம். ஆள் நெருங்கினால் பறவை தலைக்கு மேல் பறந்து கத்தும். அவ்வேளையில் தேடிப் பார்க்க முயலாது விலகிச் செல்வதே முறை, ஏனெனில் பங்குனி வெயிலில் சிறிது நேரம் மூடப்படாமல் கிடந்தாலே முட்டைக்குள் உயிர் போய்விடக்கூடும்.

கடற்கரை மணலிலும் இவ்வாறே கூடமைக்கும் சிறிய உப்புக்கொத்தி ஒன்றை, இலங்கை ஆய்வாளர்கள் பிரித்தானிய ஆய்வாளர்களுடன் இணைந்து 2023 இல் தனி இனமென நிறுவினர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் அது அனுமன் உப்புக்கொத்தி எனப் பெயர் பெற்றது. கட்டாக்காலி நாயும் வாகனத்தின் சில்லும் அதன் முட்டைக்குப் பகை. அல்குர்ஆனின் 27 ஆவது அத்தியாயத்தில் சுலைமான் நபிக்குச் செய்தி கொண்டுவந்ததாகக் கூறப்படும் ஹுத்ஹுத், கொண்டலாத்தி என்ற பெயரில் இவ்வுலர்வலயத்திலேயே வாழ்கிறது என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடலாம். புற்றரையில் நீண்ட அலகால் மண்ணைக் கிளறும் அதன் தலைக்கொண்டை, திடுக்கிட்டால் விசிறிபோல் விரியும்.

இப்பறவைகளைப் பற்றிய எழுத்துக்கு நீண்ட வரலாறுண்டு. பீரங்கிப் படை அதிகாரியாக இலங்கையில் பணியாற்றிய வின்சன்ட் லெக் 1880 இல் நிறைவுசெய்த பெருநூலும், கொழும்பு நூதனசாலையில் பணிபுரிந்த ஜீ.எம். ஹென்றி 1955 இல் வெளியிட்ட வழிகாட்டியும் இன்றும் பயன்படுகின்றன. 1943 இல் இலங்கைப் பறவைக் கழகமும், 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து களப் பறவையியல் குழுவும் தோன்றின. 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவி பொருத்தியபோது, அவை ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை சென்று மீண்டமை தெரியவந்தது. எனினும் அம்பாறைக் கரையோரத் தமிழ்பேசும் ஊர்களிலிருந்து இத்துறைக்குக் கிடைத்த குறிப்புகள் குறைவு; உள்நாட்டுப் போர்க்காலத்தில் வயலுக்கும் காட்டுக்கும் செல்வதே அரிதாயிருந்தமையும், நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தமையும் இதற்குக் காரணமாகலாம். கிராமத்தவரின் குறிப்புக்கு மதிப்பில்லை என எண்ணுவது தவறு. இங்கிலாந்தின் செல்போர்ன் என்ற சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் வைட் என்ற மதகுரு, ஆண்டுதோறும் தகைவிலான் வந்த நாளையும் மறைந்த நாளையும் எழுதி வைத்து 1789 இல் வெளியிட்ட நூல், அறிவியலுக்குப் பயன்படும் சான்றாக இன்றும் விளங்குகிறது. ஆனால் தகைவிலான்கள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பதை அவரால் அறியவே முடியவில்லை.

கவலைக்குரியவை பல. குடியிருப்புக்காகத் தோணா மண்ணிட்டு நிரப்பப்படுகிறது. நிரம்பாத பகுதியில் குப்பையும் பொலித்தீனும் குவிகின்றன. சிறுபோக விதைப்பை ஒட்டித் தெளிக்கப்படும் கிருமிநாசினி, பறவை உண்ணும் பூச்சியையே அழிக்கிறது. ஒலுவில், நிந்தவூர்ப் பகுதிகளில் அண்மைக் காலத்தில் ஏற்பட்ட கடலரிப்பு, தென்னையையும் தோணிகள் இழுத்து வைக்கும் கரையையும் மட்டுமன்றி, பறவைகள் கூடமைக்கும் மணலையும் கொண்டு சென்றது. 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பாதுகாத்தாலும், அவற்றின் உணவிடம் ஒதுக்கிடங்களுக்கு வெளியே தனியார் வயலிலும் ஊர்த் தோணாவிலும் இருக்கும்போது சட்டம் மட்டும் போதாது. அங்கு காப்பவர் ஊரவரே.

பறவை பார்க்க விரும்புவோருக்கு எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைகாட்டி ஒன்றும் குறிப்பேடும் போதுமானவை. சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரமும் மாலையும் ஏற்றவை. ஒளி முதுகுப்புறம் இருக்குமாறு நின்றால் நிறம் தெளியும். வெட்டு முடிந்த வட்டைகளில் வைக்கோலை நாடி யானைக்கூட்டம் இறங்குவதால், விடிவதற்கு முன் தனியே செல்வது ஆபத்து. பயணம் செல்லக்கூடியவர்கள் பொத்துவில், பாணமை வழியாகக் குமனைக்குச் செல்லலாம். 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010 இல் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநிலமாக ஏற்கப்பட்ட அங்குள்ள வில்லு எனும் ஆழமற்ற நீர்நிலையில், வைகாசி முதல் ஆடி வரை நாரைகளும் கொக்குகளும் கூடுகட்டுகின்றன. ஊரிலேயே தங்குவோர்க்கும் சித்திரைக்குப் பின் தோணா முற்றாக வெறுமையாவதில்லை. இனப்பெருக்க வயதை எட்டாத இளம் உள்ளான்கள் சில சாம்பல் நிறத்துடனேயே கோடை முழுவதும் தங்குகின்றன. ஓகஸ்டில், சிறுபோக வெட்டு நடக்கும் நாட்களில், வெளிறிய செந்நிறம் இன்னும் மார்பில் எஞ்சியிருக்க முதற்பறவைகள் திரும்பி வருகின்றன.