பரணில் கிடக்கும் போர்டைத் தூக்கிப் போடாதீங்க!

அண்ணன் காலேஜில் படித்தபோது ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு வாங்கிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு அது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் துணிப்பைக்குள் பரணில் கிடந்தது. இப்போது தங்கைக்குப் புராஜெக்ட். தூசு தட்டி, புது லேப்டாப்பில் செருகினால் ஒரு அசைவும் இல்லை. ‘‘போர்டு போயிருச்சு போல. புதுசுதான் வாங்கணும்’’ என்கிறான் அண்ணன். அப்பாவின் முகம் வாடுகிறது.

உப்பளத்தையும் கடலையும் நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தூத்துக்குடிப் பக்கத்து வீடுகளில் நடக்கக்கூடிய காட்சிதான் இது. ஆனால், பெரும்பாலும் போர்டு போயிருக்காது. போர்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இருக்கும் பாதைதான் அடைபட்டிருக்கும்.

நடுவில் ஒரு தோணி

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஆழ்கடல் துறைமுகம் வருவதற்கு முன், இங்கே கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். கப்பலிலும் கோளாறில்லை, கரையிலும் கோளாறில்லை. நடுவில் தோணி வேண்டும், அவ்வளவுதான்.

பழைய 8051 போர்டுகளில் ஒன்பது ஊசி கொண்ட ‘சீரியல் போர்ட்’ இருக்கும். அதன் ஆர்.எஸ்.-232 முறை 1960-களில் வந்தது. 1996-ல் யு.எஸ்.பி. வந்த பிறகு, லேப்டாப்களிலிருந்து சீரியல் போர்ட் மெல்ல மறைந்துவிட்டது. இங்கே தோணி வேலை பார்ப்பது ‘யு.எஸ்.பி. டு சீரியல்’ கன்வெர்ட்டர். சில நூறு ரூபாயில் கிடைக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்பது ஊசி கனெக்டர் உள்ள கேபிள், ஆர்.எஸ்.-232 போர்டுக்கு. சிப்பின் கால்களோடு நேரடியாக இணைக்க, ‘யு.எஸ்.பி. டு டி.டி.எல்.’ என்ற சின்ன போர்டு. மாற்றிச் செருகினால் ஆபத்து. ஆர்.எஸ்.-232 கம்பியில் பிளஸ், மைனஸ் 12 வோல்ட் அளவுக்குக்கூட வரலாம். சிப் தாங்குவது 5 வோல்ட்தான். டி.டி.எல். வகையில் ஒரு பக்கத்து டி.எக்ஸ்., மறு பக்கத்து ஆர்.எக்ஸ்.-க்குப் போக வேண்டும். கிரவுண்ட் கம்பியை மறக்கக் கூடாது.

பிரின்டர் போர்ட் வழியாக புரோகிராம் ஏற்றும் பழைய கருவி வைத்திருக்கிறீர்களா? அதற்கு ‘யு.எஸ்.பி. டு பிரின்டர்’ கேபிள் உதவாது. அது பிரின்டரோடு மட்டுமே பேசும். ஏடி89எஸ்52 போன்ற சிப்களுக்கு ‘யு.எஸ்.பி. ஏ.எஸ்.பி.’ என்ற கருவியை வாங்குவதே வழி.

ஆர்டுயினோ என்றால்...

2005-ல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோவின் பழைய போர்டுகளில் யு.எஸ்.பி. உண்டு. ஆனாலும் சிக்கல் வரலாம். வரிசையாக இப்படிப் பாருங்கள்:

1. கேபிளை மாற்றுங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், தகவலைக் கடத்தாது. பவர் விளக்கு எரிவதை வைத்து ஏமாற வேண்டாம்.

2. விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘போர்ட்ஸ்’ பகுதியில் ‘காம்’ என்று ஏதாவது எண்ணோடு தெரிகிறதா என்று பாருங்கள். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் இல்லை என்று அர்த்தம். போர்டிலுள்ள யு.எஸ்.பி. சிப்பின் பெயரைப் படித்து (எஃப்.டி.232, சி.ஹெச்.340 என்று இருக்கும்), அதற்கான டிரைவரை ஏற்றுங்கள்.

3. ‘நாட் இன் சிங்க்’ என்று பிழை வருகிறதா? மெனுவில் போர்டின் பெயரும் சிப்பின் பெயரும் சரியா என்று பாருங்கள். 2018-க்கு முன் வாங்கிய நானோ போர்டு என்றால், ‘புராசஸர்’ பட்டியலில் ‘ஓல்டு பூட்லோடர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பூட்லோடர் 57,600 வேகத்தில் பேசும்; புதியது 1,15,200 வேகத்தில். வேகம் ஒத்துப்போகாவிட்டால் பேச்சு நடக்காது.

போலி சிப் பிரச்னை

2014 அக்டோபரில் உலகம் முழுக்கப் பலருடைய போர்டுகள் திடீரென்று கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போயின. எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் புது டிரைவர், போலி சிப்களைக் கண்டுபிடித்து அவற்றின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியதுதான் காரணம். விற்றவர் செய்த தப்புக்கு, தெரியாமல் வாங்கியவர்கள் தண்டனை அனுபவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. அதனால், சந்தேகமிருந்தால் வேறு கன்வெர்ட்டரில் சோதித்துவிட்டுத்தான் போர்டைக் குறை சொல்ல வேண்டும்.

உப்புக்காற்று கவனம்!

கடலோர வீடுகளில் இன்னொரு எதிரி, உப்புக்காற்று. ஊசிகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், மின்சாரம் தராமல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே இணைக்க வேண்டும். எடுத்து வைக்கும்போது மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு வையுங்கள்.

இத்தனையும் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். முதலில் ‘பிளிங்க்’ என்ற சின்ன புரோகிராமை ஏற்றிப் பாருங்கள். போர்டிலுள்ள குட்டி விளக்கு விநாடிக்கு விநாடி எரிந்து அணைந்தால் போர்டு நன்றாக இருக்கிறது. தங்கையின் புராஜெக்ட்டுக்கு அது போதும். புது போர்டுக்கு எடுத்து வைத்த பணத்தில், தேவையான சென்சாரை வாங்கிக்கொள்ளலாம்!