டெலிவரி தேதியை மென்பொருள் சரியாகச் சொல்கிறதா? சோதிப்பது எப்படி?

இணையத்தில் ஆர்டர் செய்ததும் 'இந்தத் தேதியில் வந்து சேரும்' என்று ஒரு தகவல் வருகிறதல்லவா? அதை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. விற்பனை ஆர்டர் மென்பொருளே கணக்கிடுகிறது. முகூர்த்தப் புடவையோ, அம்மாவுக்கான மாத்திரையோ, அந்தத் தேதியை நம்பித்தான் நாம காத்திருக்கிறோம்.

தேதி எப்படி வருகிறது?

நீங்க கேட்ட தேதியிலிருந்து மென்பொருள் பின்னோக்கி எண்ணும்: முதலில் லாரி ஓடும் நாட்கள், அடுத்து ஏற்றும் நாள், பிறகு பேக்கிங் நாள். அப்படி எண்ணும்போது வேலை தொடங்க வேண்டிய நாள் ஏற்கனவே கடந்திருந்தால், இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணி, முடியக்கூடிய தேதியைச் சொல்லும்.

எங்கே தப்பு வரும்?

பெரும்பாலும் விடுமுறையில்தான். ஓர் உதாரணம் பாருங்க. 2026 ஜனவரி 14, புதன்கிழமை மாலை ஒரு ஆர்டர் வருகிறது. பேக்கிங் 1 நாள், ஏற்ற 1 நாள், பயணம் 2 நாள். 15, 16, 17 பொங்கல் விடுமுறை, 18 ஞாயிறு. நான்கு நாளும் கிடங்கு மூடியிருக்கும். விடுமுறைப் பட்டியல் இல்லாத மென்பொருள், '18ஆம் தேதி வரும்' என்று சொல்லிவிடும். உண்மையில் பேக்கிங்கே 19ஆம் தேதிதான். பொருள் கைக்கு வருவது 22ஆம் தேதி.

தானியங்கிச் சோதனை

இப்படிப்பட்ட நூறு ஆர்டர்களை ஆள் வைத்துச் சரிபார்த்தால், மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். அதனால் மாதிரி ஆர்டர்களையும் சரியான விடைகளையும் ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறார்கள். மாற்றம் வரும்போதெல்லாம் கணினியே ஒப்பிட்டு, எது தவறு என்று காட்டிவிடும். கவனிக்க வேண்டியவை:

• விடையை நாட்காட்டி பார்த்துக் கையால் கணக்கிடணும். மென்பொருள் தந்த தேதியையே விடையாக வைத்தால், தப்பும் 'சரி' ஆகிவிடும்.

• சோதனைக்குள் 'இன்றைய தேதி'யை ஒரே நாளில் நிறுத்தி வைக்கணும். இல்லையென்றால் இன்று தேறிய சோதனை நாளை தோற்கும்.

• ஆர்டர் ஏற்க மாலை 3 மணி கடைசி என்றால் 2.59, 3.00, 3.01 மூன்றையும் பார்க்கணும். டிசம்பர் 31, 2028 பிப்ரவரி 29 ஆகியவையும் வேண்டும்.

• பிறை தெரிவதைப் பொறுத்து ரம்ஜான் விடுமுறை மாறலாம். பட்டியல் திருத்தப்பட்டதும் சோதனையை மறுபடி ஓட்டணும்.

நீங்க செய்ய வேண்டியது

ஆர்டர் எண்ணையும், தேதி சொன்ன குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்க. தேதி தவறினால் முதலில் விற்பனையாளரிடம் புகார் செய்யுங்க. தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.