பச்சை விளக்கை நம்பாதீர்கள்

கத்தரிக்குப் பஞ்சகவ்யம் தெளிக்கலாம் என்று, தகரக் கொட்டகையில் நாலு மாதம் கிடந்த பேட்டரி ஸ்பிரேயரை எடுத்தேன். சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை. சார்ஜரைச் செருகினேன், உடனே பச்சை விளக்கு. "ஃபுல்லா இருக்கே" என்று மறுபடி போட்டேன், ஓடவில்லை. கடையில் கேட்டால், "பேட்டரி போச்சு சார், புதுசு போட்ருங்க" என்றார்கள். ஆனால் பேட்டரி போகவில்லை.

இப்போது வரும் ஸ்பிரேயர் பலவற்றில் லித்தியம் அயான் பேட்டரி. மருந்து தெளிக்கும் ட்ரோன்களில் லித்தியம் பாலிமர். இரண்டுக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். நம் பக்கத்துக் காரைக்குடி சிக்ரி ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெரிய சங்கதி இது. நமக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான்.

ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. வங்கி பாஷையில் அதுதான் மினிமம் பேலன்ஸ். அதற்குக் கீழே போனால் உள்ளிருக்கும் பாதுகாப்பு அட்டை, பி.எம்.எஸ். என்பார்கள், வழியை அடைத்துவிடும். சார்ஜரும் வோல்டேஜ் தெரியாததால் பேட்டரியே இல்லை என்று நினைத்து கரண்ட் அனுப்பாது. கரண்ட் ஓடாவிட்டால் பல சார்ஜர்களில் பச்சைதான் எரியும். 'நிறைஞ்சிருச்சு' என்பதற்கும் 'ஒண்ணும் போகல' என்பதற்கும் ஒரே விளக்கு!

அப்படி ஆனால் என்ன செய்வது?

1. பேட்டரி உப்பியிருக்கா, நசுங்கியிருக்கா, வாடை வருதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் சார்ஜ் போட வேண்டாம்.

2. சார்ஜர் முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் வருகிறதா பாருங்கள். பின்னில் களிம்பு ஏறியிருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

3. இரண்டும் சரி என்றால், விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து ஒவ்வொரு செல்லையும் அளக்கச் சொல்லுங்கள். என்னுடையதில் மூன்று செல்லும் 2.7 வோல்ட்டை ஒட்டி இருந்தன. 8 ஆம்பியர்-மணி பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.8 ஆம்பியரில் மெதுவாக ஏற்றி, 3 வோல்ட்டைத் தாண்டிய பிறகே வழக்கமான சார்ஜில் போட்டார். பக்கத்திலேயே இருந்து சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

4. 2 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த செல்லை எழுப்பக் கூடாது. உள்ளே செம்புத் தகடு கரைந்து, சார்ஜ் ஏறும்போது ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

"பைக் பேட்டரியில வயரைத் தொட்டுக் கொடுத்தா எந்திரிச்சிரும்" என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். செய்யாதீர்கள். கரண்ட் கட்டுப்பாடில்லாமல் பாயும், கொட்டகையே எரிந்துவிடும்.

வேலை முடிந்தால் பாதி சார்ஜில் வையுங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் தகரத்தடியில் வைக்காமல் வீட்டு நிழலில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

செத்த பேட்டரியை எருக்குழியில் போட்டுவிடாதீர்கள். திரும்பப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு என்று 2022 பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. கடையில் கேட்டுக் கொடுங்கள். ரசாயன உரம் வேண்டாம் என்று காத்த மண்ணில் இதைப் புதைக்கலாமா?