நீத்துப்பெட்டி

எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரிலே, ஓர் ஆணியில், பழைய நீத்துப்பெட்டியொன்று தொங்குகின்றது. புகையேறிக் கறுத்துப்போன பெட்டி. வாயோரத்தில் இரண்டிடங்களில் ஓலை விட்டிருக்கிறது. சென்ற ஆண்டு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அதனைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று மருமகள் கேட்டாள்.

"மாமா, இது எங்கடை பானை ஒண்டுக்கும் பொருந்தாது. சும்மாதானே தொங்குது?" என்றாள்.

அவள் சொன்னது முழு உண்மை. அந்தப் பெட்டி எங்கள் வீட்டுப் பானைகளுள் எதற்கும் ஒருநாளும் பொருந்தியதில்லை. அப்படியிருக்க அதனை ஏன் வைத்திருக்கிறேன் என்பதை அன்று அவளுக்கு ஒழுங்காகச் சொல்ல எனக்கு இயலவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையிலே வாயால் வாழ்ந்தவனுக்கு இது ஒரு குறைதான். அக்குறையை இங்கே தீர்க்க முயல்கின்றேன்.

நீத்துப்பெட்டி என்பது யாதென இளைய வாசகர் சிலர் கேட்கக்கூடும். பனையோலையால் இழைக்கப்படும் கூம்பு வடிவான பெட்டி அது. குழைத்த பிட்டு மாவை அதனுள் இட்டு, நீர் கொதிக்கும் பானையின் வாயிலே, கூர்முனை கீழ்நோக்க இறக்கி வைத்து மூடுவார்கள். பின்னலின் இடைவெளிகளூடே ஆவி ஏறி மாவை அவிக்கும். பெட்டி பானை வாயில் இறுகப் பொருந்துதல் வேண்டும். பொருந்தாவிடின் ஆவி பக்கத்தால் ஓடிவிடும்; மிகச் சிறிதாயின் பெட்டி உள்ளே அமிழ்ந்து நீரில் தோய்ந்துவிடும். ஆதலால் எங்கள் பக்கத்துப் பெண்கள் பானையைப் பார்த்தே பெட்டி இழைத்தார்கள். இந்தச் சிறு செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் சிறுவனாயிருந்தது 1960 ஐ அடுத்த ஆண்டுகளில். வலிகாமத்தில் எங்கள் வளவைச் சுற்றிப் பனைகள் நின்றன. ஆறில்லாத எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் தண்ணீர் வார்ப்பாரின்றித் தானே நிமிர்ந்து நிற்கும் மரம் அது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் 'தாலவிலாசம்' என ஒரு நூலே பாடி அதற்குச் சிறப்புச் செய்தார். எங்கள் ஆச்சி அந்த நூலைப் படித்தவர் அல்லர். அவருக்கு எழுத்து வாராது. ஆயினும் அவர் கையில் ஓலை படாத நாள் இல்லை. நெல் புடைக்கச் சுளகு, மண் சுமக்கக் கடகம், மீன் வாங்க உமல், படுக்கப் பாய், பனாட்டுக் காயவைக்க வேறொரு பாய், கூழ் குடிக்கப் பிளா, பனங்கட்டி வார்க்கக் குட்டான், அப்புவின் மடியில் காசும் பாக்கும் வைக்கக் கொட்டைப்பெட்டி என்று வீடு முழுவதும் ஓலையாகவே இருந்தது. கடையிலே வாங்கியவை சட்டி பானைகளும் ஒரு பித்தளைக் குடமுமே என்று சொன்னால் மிகையாகாது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் கவிழ்ந்ததும் வேப்பமர நிழலில் ஆச்சி பாயை விரிப்பார். வேலியிலுள்ள பொட்டால் குனிந்து கிழக்கு வளவு மாமி வருவார். பின்னர் பெரியம்மா, அவர் பின்னால் சின்னாச்சி. அம்மா எல்லாருக்கும் கடைசியாக, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அமர்வார். வடலியில் வெட்டி வெயிலிலும் பனியிலும் கிடந்து வெளுத்த குருத்தோலை நடுவிலே கிடக்கும். சத்தகத்தின் கூரால் ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாய் ஓலை வார்வது ஆச்சியின் வேலை. மற்றவர்கள் கண்ணால் அளந்தாலும் ஆச்சி விரலால் அளந்தார். காய்ந்த ஓலை முறியாதிருக்கத் தண்ணீர் தெளிப்பது என் பங்கு.

"மோனை, செம்பிலை கொஞ்சத் தண்ணி கொண்டா. குளிப்பாட்டாதை, தெளி," என்பார் ஆச்சி.

அந்த நிழலிலே பேசப்படாத விடயம் இல்லை. கலியாணங்கள் அங்கே பொருந்தின, அங்கேயே குழம்பின. யாருடைய பசு கன்று போட்டது, யாருடைய சீட்டுக்காசு தவணை தப்பியது என்பன எல்லாம் ஓலையோடு சேர்த்து இழைக்கப்பட்டன. மாமி கதை சொன்னால் அவர் கை நின்றுவிடும். ஆகவே அவருடைய பெட்டி ஒருகிழமைக்கும் முடியாது. பெரியம்மாவோ வேகக்காரி. அவர் இழைத்தது எப்போதும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். 'இது கொக்காவின் கடகம்' என்று எங்கு கண்டாலும் அம்மா கண்டுகொள்வார்.

சின்னாச்சியின் ஒரே மகன் கொழும்பிலே ஒரு கடையில் வேலை பார்த்தார். தபாற்காரர் வரும் நேரமும் இவர்கள் இழைக்கும் நேரமும் ஒன்றாயிருந்தன. ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டதும் பேச்சு நின்றுவிடும். யாரும் தலை நிமிர மாட்டார்கள். கைகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மணி எங்கள் படலையைக் கடந்து தூரப் போனபின்பு மாமி ஏதாவது ஒரு கதையை வலிந்து தொடங்குவார். கடிதம் வந்த நாட்களில் அதை உரத்து வாசிப்பவன் நான். ஒருமுறை, வேலை போய்விட்டது என்று அண்ணர் எழுதியிருந்ததை ஒன்பது வயதுப் புத்தியோடு நிறுத்தாமல் வாசித்துவிட்டேன். ஆச்சி என் தொடையில் கிள்ளியது இன்றும் வலிக்கிறது. சின்னாச்சி ஒன்றும் சொல்லவில்லை. தாம் அன்று இழைத்த மூன்று வரியையும் அவிழ்த்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். மற்றவர்களும், போகவேண்டிய நேரம் கடந்தும், பொழுது படும்வரை எழும்பவேயில்லை. அன்று அந்த மரத்தடியில் நான் கண்டதை ஆறுதல் என்று பின்னாளில் விளங்கிக்கொண்டேன்.

எனக்கும் ஓலைக்கும் ஒரு பகை ஏற்பட்ட கதையையும் சொல்லவேண்டும். ஆறாம் வகுப்பிற்குப் பட்டணத்துப் பாடசாலையொன்றிலே சேர்ந்தேன். ஆச்சி இழைத்த மூடுபெட்டியிலே மத்தியானச் சோறு கொண்டு போனேன். பக்கத்து வாங்கில் இருந்த நண்பன் கொண்டுவந்ததோ பளபளக்கும் தகரச் சாப்பாட்டுப் பெட்டி. மற்றப் பையன்கள் என் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று சொல்லமுடியாது. சிரிப்பார்கள் என நானே எண்ணிக்கொண்டேன். நாலாம் நாள் தொடக்கம் பெட்டியை மதகடியில் ஒளித்துவைத்துவிட்டுப் பட்டினி கிடந்தேன். ஆச்சி எப்படி அறிந்தாரோ! ஏசவில்லை. "உன்ரை சிநேகிதப் பொடியன் என்ன சாப்பாடு கொண்டு வாறவன்? எவ்வளவு சாப்பிடுவான்?" என்று மட்டும் விசாரித்தார். அடுத்த கிழமை சாயமிட்ட ஓலை வரியோடு இரண்டு பெட்டிகள் தயாராயிருந்தன. ஒன்று எனக்கு, மற்றது அவனுக்கு. அவன் பெட்டி என்னுடையதிலும் ஒரு விரல் பெரிது.

அதை அவன் கையிலே கொடுத்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கட்டும். அவனோ பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடி, மணந்து பார்த்து, அன்றைக்கே தகரப் பெட்டியிலிருந்த இடியப்பத்தை அதற்குள் மாற்றிப்போட்டுச் சாப்பிட்டான். 1983 இன் பின்னர் அவன் இலண்டனுக்குப் போய்விட்டான். பெட்டிகள் இரண்டும் எப்போதோ அழிந்துபோயின. மூடியிலிருந்த வரி சிவப்பு என்கிறான் அவன். பச்சை என்கிறேன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வழக்குத் தொலைபேசியிலே நடந்து வருகிறது. இருவருக்குமே அது முடியாதிருப்பதில்தான் விருப்பம்.

இவ்விடத்தில் ஒரு சொல். ஓலைவேலை எல்லாருக்கும் இன்பமாயிருந்தது என நான் எழுதினால் அது பொய்யாகும். பெட்டி விற்று அரிசி வாங்கிய குடும்பங்கள் எங்கள் அயலில் இருந்தன. அவர்களுடைய விரல் வெடிப்புக்களை நான் கண்டிருக்கிறேன். நாள் முழுவதும் குனிந்து இழைத்ததைச் சந்தையிலே பேரம் பேசி அரைவிலைக்குக் கேட்டவர்களுள் எங்கள் உறவினரும் உண்டு. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தபின் பயிற்சியும் விற்பனையும் ஓரளவு ஒழுங்குபெற்றன. எனினும் கைப்பணியின் அருமையை மேடையில் பேசுவோர், அதன் கூலியையும் சேர்த்துப் பேசினால் நன்றாயிருக்கும்.

இனி, சுவரிலே தொங்கும் பெட்டிக்கு வருகிறேன்.

1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒக்டோபர் 30 ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் எழுந்து நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனதை அறியாதார் இலர். கொட்டும் மழையில் அந்தச் சனத்திரளுள் ஒரு துளியாய் நாங்களும் நகர்ந்தோம். அம்மாவை நான் சைக்கிளில் இருத்தித் தள்ளினேன். என் மகனுக்கு அப்போது பத்து வயது. தென்மராட்சியில், முன்பின் அறியாத ஒரு வீட்டார் எங்களுக்கு மாட்டுக்கொட்டிலைத் துப்புரவாக்கித் தந்தார்கள். அந்த வளவிலே எங்களைப்போல் ஏழு குடும்பங்கள். வீட்டுக்கார அம்மா ஆளுக்கொரு பாத்திரமாய்ப் பகிர்ந்தார். எங்களுக்குக் கிடைத்தது வாய் அகன்ற, ஒரு பக்கம் நெளிந்த அலுமினியப் பானை.

நாலைந்து நாள் கஞ்சியே குடித்தோம். ஒருநாள் எங்கிருந்தோ கொஞ்சம் குரக்கன் மா கிடைத்தது. மகன் பிட்டுக் கேட்டான். அந்த வீட்டில் இருந்த ஒரே நீத்துப்பெட்டி கைமாறிக் கைமாறி ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முறை கேட்க அம்மாவுக்குக் கூச்சம். வெளியே மழை. வெட்டிக் காயவைக்க வெயிலில்லை. அம்மா கொட்டிலின் வளையைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அங்கே வீட்டுக்காரர் என்றோ செருகி மறந்த ஓலைக்கட்டொன்று இருந்தது.

"தங்கச்சி, அதிலை ரண்டு ஓலை எடுக்கட்டோ?" என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டார்.

"கேக்கவும் வேணுமோ அக்கா? எடுங்கோ," என்றார் அவர்.

சத்தகம் ஊரில் இறப்பிலே செருகியபடி கிடந்தது. கறிக்கத்தியாலும் நகத்தாலும் அம்மா ஓலை வார்ந்தார். நெளிந்த பானையின் வாயை இரண்டு கையாலும் தடவித் தடவி அளந்தார். மழைத்தண்ணீரைத் தெளிக்கும் வேலை, யாரும் சொல்லாமலே, என் கைக்கு வந்தது. சற்று நேரத்தில் பக்கத்துக் கொட்டிலிலிருந்து ஒரு பெண் வந்து குந்தினார், பிறகு இன்னொருவர். "இந்த இடத்திலை ஒண்டை விட்டுப் பின்னுங்கோ அம்மா, நெளிவுக்கு இடம் வரும்," என்றார் அவர். பத்து நாட்களில் முதன்முறையாக அம்மா சிரித்தது அப்போதுதான். "உங்கடை ஊரிலை அப்பிடியோ? எங்கடை ஆச்சி கண்டால் கையிலை அடிப்பா," என்றார். பொழுது சாயுமுன் பெட்டி முடிந்தது. நெளிந்த பானையின் வாயில் அது ஆவி கசியாமல் இறங்கி அமர்ந்ததை ஏழு குடும்பமும் நின்று பார்த்தன. புது ஓலையின் வாசம் ஏறிய அந்தக் குரக்கன் பிட்டை ஆளுக்கொரு பிடியாகப் பகிர்ந்து உண்டோம்.

1996 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஊருக்குத் திரும்பினோம். பானையைக் கழுவி வீட்டுக்கார அம்மாவிடம் ஒப்படைத்தோம். பெட்டியை அம்மா தம் துணிப் பையின் மேலே வைத்துக் கட்டிக்கொண்டார். ஊரில் வீட்டின் கூரை போயிருந்தது; வேலியோரப் பனைகளிற் பல காவலரண்களுக்காக வெட்டுண்டு, அடிக்கட்டைகளே நின்றன. எங்கள் பானைகளுக்கு அந்தப் பெட்டி பொருந்தவில்லை. நெளிவுக்கென விட்ட இடத்தால் ஆவி போனது. அம்மா வேறு பெட்டி இழைத்தார். இதைச் சுவரில் மாட்டினார். 2008 இல் அவர் காலமானார். அவர் இழைத்தவற்றுள் புழக்கத்தில் இருந்தவையெல்லாம் தேய்ந்து அழிந்தன. எந்தப் பானைக்கும் உதவாத இது ஒன்றே மிஞ்சியது.

இவ்வளவையும் மருமகளிடம் ஒருநாள் இரவு சொன்னேன். பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்த பதினொரு வயதுப் பேத்தியும் கேட்டாள். மறுநாள் கடையில் வாங்கிய நீத்துப்பெட்டியை எங்கள் பானையில் வைத்துப் பார்த்து, "அப்பப்பா, இதுவும் வடிவாய்ப் பொருந்தேல்லையே!" என்றாள். அது யாருடைய பானைக்கும் அளவெடுத்து இழைத்ததன்று. பொருந்தாதது அதன் குற்றமுமன்று.

இப்போது சனிக்கிழமைகளில் அயல் வளவு அக்காவொருவர் எங்கள் விறாந்தைக்கு வருகிறார். பேத்தியும், அவளுடைய பள்ளித் தோழிகள் இருவரும், நானுமாகப் பாயிலே இருக்கிறோம். ஆண்பிள்ளை ஓலை இழைப்பதா என ஒழுங்கையால் போகும் என் வயதொத்த நண்பர்கள் படலையில் நின்று சிரிக்கிறார்கள். சிரித்தபின் உள்ளே வந்து தேநீர் குடிக்கிறார்கள். என் விரல் சொற்கேளாது. நான் இழைத்தது பெரியம்மாவின் கடகத்தையும் வென்று சரிந்து கிடக்கிறது. பிள்ளைகள் பேசும் பேச்சில் பாதி எனக்கு விளங்குவதில்லை. மருமகள் அடுக்களைக்கும் விறாந்தைக்குமாக நடந்தவள், சென்ற கிழமை தானும் ஒரு மூலையில் அமர்ந்து ஓலை வாரத் தொடங்கினாள்.

பேத்தி எங்கள் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்து, அதன் வாயைத் தன் சின்னச் சாணால் அளக்கிறாள். கூம்பின் முனை இரண்டு முறை அவிழ்ந்துவிட்டது. இன்று மூன்றாம் முறை.

"அப்பப்பா, தண்ணி," என்கிறாள். செம்பை எடுக்கப் போகிறேன்.