வாசித்தாயிற்று; விளங்கிற்றா?

ஒரு மாணவன் பாடநூலை உரத்துப் படிக்கிறான். திக்கல் இல்லை, திணறல் இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறான். கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் படித்த வாக்கியம் அவன் மனத்தில் என்னவாகப் பதிந்தது? எழுத்துகளைச் சரியாக ஒலிக்கிறானா என்பதைக் காதால் கேட்டே சொல்லிவிடலாம். பொருள் விளங்கிற்றா என்பதை எதைக் கொண்டு அளப்பது? சில ஆண்டுகளாக ஜப்பானியக் கல்வியாளர்களை மிகுந்த கவலைக்குள்ளாக்கிய வினா இது. அவர்கள் கண்ட விடை சற்று அதிர்ச்சி தருவதாகவே இருக்கிறது.

ஜப்பானிய எழுத்துமுறையைப் பற்றி முதலில் சில சொற்கள். ஹிரகானா என்னும் வரிசையில் அடிப்படை எழுத்துகள் 46. பெரும்பாலும் அயல்மொழிச் சொற்களை எழுதப் பயன்படும் கத்தக்கானா வரிசையில் இன்னும் ஒரு 46. இவற்றோடு, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள். ஒவ்வொரு கான்ஜிக்கும் பொருள் உண்டு. பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிப்புகளும் உண்டு. அன்றாட வழக்குக்கென அரசு வரையறுத்துள்ள கான்ஜிகள் மட்டும் 2,136. அவற்றுள் 1,026 எழுத்துகளை ஆறாம் வகுப்பு முடிவதற்குள் கற்றாக வேண்டும். போதாக்குறைக்கு, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம் விட்டு எழுதும் வழக்கமும் இல்லை.

இத்தனை எழுத்துகளை ஒரு சாதாரண மனிதன் எப்படிக் கற்பான்? இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பானை ஆண்ட அமெரிக்கப் படை நிருவாகத்துக்கும் இந்த ஐயம் எழுந்தது. கான்ஜியை ஒழித்து உரோமன் எழுத்தைக் கொண்டுவரலாமா என்ற பேச்சுங்கூட அடிபட்டது. எனவே 1948ஆம் ஆண்டு நாடு முழுவதும் 15 முதல் 64 வயதுக்குட்பட்ட சுமார் 17,000 பேருக்கு ஓர் எழுத்தறிவுச் சோதனை நடத்தப்பட்டது. ஒரு மதிப்பெண்கூடப் பெறாதவர்கள் 1.7 சதவீதமே. எழுத்தை மாற்ற வேண்டும் என்ற வாதம் அத்தோடு வலுவிழந்தது. ஆனால் அதே சோதனையில் முழு மதிப்பெண் பெற்றவர்களும் 4.4 சதவீதத்தினர்தாம். முதல் எண்ணை நாடே பெருமையோடு நினைவில் வைத்துக்கொண்டது. இரண்டாவது எண்ணைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

மீண்டும் கவலை தலைதூக்கியது 2000க்குப் பிறகுதான். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு, பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்குப் 'பீசா' என்னும் பொதுச் சோதனையை நடத்துகிறது. வாசிப்பில் ஜப்பானிய மாணவர்கள் 2000இல் 522 புள்ளிகளுடன் 8ஆம் இடத்தில் இருந்தனர். 2003இல் 498 புள்ளிகளுடன் 14ஆம் இடத்திற்கு இறங்கினர். நாடெங்கும் பெரும் விவாதம் எழுந்தது. 2007 முதல் ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசே ஆண்டுதோறும் திறனாய்வு நடத்தத் தொடங்கியது. பீசாவில் பிறகு ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வந்தன. 2018இல் 504 புள்ளிகள், 15ஆம் இடம். 2022இல் 516 புள்ளிகள், 3ஆம் இடம்.

இத்தகைய பெருஞ்சோதனைகளில் ஒரு குறை உண்டு. நீண்ட பகுதியைப் படித்து, அட்டவணையைப் பார்த்து, காரணம் எழுதி மாணவன் விடையளிக்கிறான். விடை தவறாகப் போனால், எந்தப் படியில் கால் இடறிற்று என்பது தெரிவதில்லை. காய்ச்சல் 102 டிகிரி என்று வெப்பமானி சொல்லும். எதனால் காய்ச்சல் என்று சொல்லாது. நோயைக் கண்டறியும் கருவி ஒன்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

எந்திரம் எழுதிய தேர்வு

டோக்கியோவிலுள்ள தேசியத் தகவலியல் நிறுவனத்தைச் சேர்ந்த கணிதவியலார் நொரிக்கோ அராய். 2011இல் அவர் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கிற்று. டோக்கியோப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஒரு கணிப்பொறியைத் தேறவைக்க முடியுமா என்று பார்ப்பதே நோக்கம். அந்தக் கணிப்பொறிக்குத் 'தோரோபோ-குன்' என்று பெயர். ('குன்' என்பது சிறுவர் பெயரோடு சேர்த்து அழைக்கும் ஒட்டு, நம் ஊர்த் 'தம்பி'யைப் போல.)

தம்பி டோக்கியோப் பல்கலைக்கழகத்தை எட்டவில்லை. ஆனால் 2016இல் ஒரு மாதிரித் தேர்வில், சராசரியை 50 எனக் கொள்ளும் அளவுகோலில் 57.1 பெற்றது. தேர்வெழுதியவர்களில் மேல்நிலையில் உள்ள 20 சதவீதத்தினருள் அதற்கும் ஓர் இடம்! அராய்க்கு இதில் மகிழ்ச்சியைவிடத் திகைப்பே மிகுந்தது. ஏனெனில் அந்த எந்திரத்துக்கு ஒரு வாக்கியத்தின் பொருளும் தெரியாது என்பதை அதை ஆக்கியவர்கள் நன்கறிவர். சொற்களைத் தேடுவது, எவை எவற்றோடு அடிக்கடி சேர்ந்து வருகின்றன என்று எண்ணுவது, இவையே அதன் வேலை. அப்படியானால் அதற்கும் பின்தங்கிய 80 சதவீத மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்? அவர்களும் பொருளை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் பொறுக்குகிறார்களோ?

இந்த ஐயத்திலிருந்து பிறந்ததே வாசிப்புத் திறன் சோதனை. அராய் தம் முடிவுகளை 2018இல் நூலாக வெளியிடுவதற்குள் சுமார் 25,000 பேர் இதை எழுதியிருந்தனர். பெரும்பாலோர் நடுநிலை, மேனிலைப் பள்ளி மாணவர்கள்.

சோதனையின் அமைப்பு எளிது. பாடநூல், செய்தித்தாள், அகராதி ஆகியவற்றில் வருவது போன்ற ஒன்றிரண்டு வாக்கியங்கள் கணிப்பொறித் திரையில் தோன்றும். கீழே ஒரு வினா. விடைக்கு வேண்டிய செய்தி முழுவதும் அந்த வாக்கியத்திலேயே இருக்கும். மனப்பாடம் செய்தது எதுவும் தேவையில்லை. எந்தச் சொல் எதனோடு இயைகிறது, 'அது' என்பது எதைச் சுட்டுகிறது, இரு வாக்கியங்கள் ஒரே பொருளுடையனவா, படித்ததிலிருந்து என்ன பெறப்படும், சொன்னதைக் காட்டும் படம் எது, ஓர் இலக்கணத்துக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு எது என்று படிப்பின் படிகளைத் தனித்தனியே பிரித்து வினவுவர். கருவியின் நுட்பம் இதில்தான் இருக்கிறது.

'பெண்' என்று எழுதியவர்கள்

முதலில் எளிய வினா ஒன்று. புத்த சமயம் எங்கெங்கே பரவியுள்ளது, கிறித்தவம் எங்கெங்கே, இசுலாம் எங்கெங்கே என்று ஒரே வாக்கியம் வரிசையாகச் சொல்கிறது. கிறித்தவத்துக்கு உரிய இடங்களுள் ஓசியானியாவும் ஒன்று. ஓசியானியாவில் பரவியுள்ளது எது? வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். நடுநிலைப் பள்ளியினரில் 62 சதவீதத்தினரும் மேனிலைப் பள்ளியினரில் 72 சதவீதத்தினரும் சரியாகச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு, கண்முன் இருந்த விடை கண்ணில் படவில்லை.

மிகவும் பெயர்பெற்ற வினா அலெக்ஸ் பற்றியது. அலெக்ஸ் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் வழங்கும் பெயர். அலெக்ஸாண்ட்ரா என்ற பெண்பெயரின் செல்லப்பெயர் அது. அலெக்சாண்டர் என்ற ஆண்பெயரின் செல்லப்பெயரும் அதுவே. இதுதான் செய்தி. வினா: அலெக்ஸாண்ட்ராவின் செல்லப்பெயர் யாது? தரப்பட்ட விடைகள் நான்கு: அலெக்ஸ், அலெக்சாண்டர், ஆண், பெண். நடுநிலைப் பள்ளியில் 38 சதவீதத்தினர் 'அலெக்ஸ்' என்றனர். 39 சதவீதத்தினர் தேர்ந்த விடை 'பெண்'! மேனிலைப் பள்ளியிலும் சரியான விடை 65 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இந்தத் தவறான விடையைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாம். அராய் அவ்வாறு செய்யவில்லை. செல்லப்பெயர் என்பதற்கு ஜப்பானியத்தில் 'ஐஷோ' என்பர். அன்பு, பெயர் என்னும் பொருளுடைய இரு கான்ஜிகளால் ஆன சொல். சிறுவர் பேச்சில் அதிகம் புழங்காதது. அச்சொல்லை அறியாத மாணவன் என்ன செய்கிறான்? அதை வாக்கியத்திலிருந்து நீக்கிவிட்டு மீதியைப் படிக்கிறான். நீக்கிப் பாருங்கள்: 'அலெக்ஸாண்ட்ரா யாது?' பெண்! விடை அவன் அளவில் பொருத்தமானதே. தெரியாத சொல்லைத் தாண்டிப் போவது ஒரு பழக்கம். சோதனை அந்தப் பழக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. நல்ல வினாவில் சரியான விடையைவிடத் தவறான விடைகளை ஆக்குவதே கடினம் என்று தேர்வுத்துறையினர் சொல்வதன் காரணம் இதனால் விளங்கும்.

அடுத்த வினா நமக்கு நெருக்கமானது. ஜப்பானிய வாக்கியமும் தமிழைப் போலவே வினைமுற்றில் முடிவது. நம் வேற்றுமை உருபுகளைப் போலச் சிறு இடைச்சொற்கள் பெயருக்குப் பின் ஒட்டிக்கொள்ளும்; 'வோ' என்பது ஏறக்குறைய நம் 'ஐ', 'நி' என்பது பல இடங்களில் நம் 'கு'. (இவ்விரு மொழிகளும் உறவுடையன என்று சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் வாதிட்டார், மொழியியலார் பலர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு இங்கே நமக்கு வேண்டாம்.) 1639இல் ஷோகுன் அரசு போர்த்துக்கீசியரை வெளியேற்றியது, கடலோரத்தைக் காக்குமாறு சிற்றரசர்களுக்கு ஆணையிட்டது. இன்னொரு வாக்கியமோ, போர்த்துக்கீசியர் வெளியேற்றப்பட்டனர் என்றும் ஷோகுன் அரசு சிற்றரசர்களால் ஆணையிடப்பட்டது என்றும் கூறுகிறது. இரண்டும் ஒரே பொருளா? இல்லை என்று சொன்னவர்கள் நடுநிலைப் பள்ளியில் 57 சதவீதம், மேனிலைப் பள்ளியில் 71 சதவீதம். நினைவிருக்கட்டும்: இதற்கு விடை 'ஆம்', 'இல்லை' இரண்டே. கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டினாலும் 50 சதவீதம் கிடைத்துவிடும். போர்த்துக்கீசியர், சிற்றரசர், கடலோரம், ஆணை என்று பெருஞ்சொற்கள் எல்லாம் இரு வாக்கியங்களிலும் உள்ளன. மாறியது ஓர் உருபும் வினையின் வாலும் மட்டுமே. அந்த வாலில்தான் யார் ஆண்டார், யார் பணிந்தார் என்ற வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

படத்தோடு கூடிய வினாக்களில் நிலை இன்னும் மோசம். அமெரிக்கப் பேஸ்பால் பெருமன்றத்தின் ஆட்டக்காரர்களில் 28 சதவீதத்தினர் வேறு நாட்டவர்; அவர்களுள் ஏறத்தாழ 35 சதவீதத்தினர் டொமினிக்கன் குடியரசினர். இதைக் காட்டும் வட்டப்படம் எது? 28இல் 35 சதவீதம் என்றால் மொத்தத்தில் சுமார் 10 சதவீதம். அமெரிக்கர் 72, டொமினிக்கர் 10, பிறர் 18 என்று படம் அமைய வேண்டும். நடுநிலைப் பள்ளியில் சரியாகச் சொன்னவர்கள் 12 சதவீதம். மேனிலைப் பள்ளியில் 28 சதவீதம். இது கணக்கில் வந்த தவறு என்று எண்ணுவது சரியன்று. 'அல்லாத', 'அவர்களுள்' என்ற இரு சிறு சொற்கள் படிக்கப்படாமலே போயின.

யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை?

கதைநூல்கள் நிறையப் படித்தால் சரியாகிவிடும் என்று நாம் உடனே சொல்லத் துடிப்போம். மாணவர்களிடம் வாசிப்பு விருப்பம், படிக்கும் நேரம், கைபேசியில் கழிக்கும் நேரம் ஆகியவற்றையும் கேட்டார்கள். இவற்றுக்கும் சோதனை மதிப்புக்கும் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. தொடர்பு தெரிந்த இடம் வேறு. ஜப்பானில் கட்டாயக் கல்விக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் பகலுணவு, எழுதுபொருள் முதலிய செலவுகளுக்கு ஏழைக் குடும்பங்கள் உதவித்தொகை பெறுகின்றன. அவ்வுதவி பெறுவோர் மிகுந்த பள்ளிகளில் சராசரி குறைவாக இருந்தது. இன்னொன்று: நடுநிலைப் பள்ளி ஆண்டுகளில் திறன் வளர்கிறது, மேனிலைப் பள்ளிக்குப் போனபின் அவ்வாறு வளர்வதாகத் தெரியவில்லை. பாடநூலைத் தானே படித்து விளங்கிக்கொள்ள முடியாதவன், யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் கற்க முடியும். தனிப்பயிற்சிக்குப் பணம் இல்லாத வீட்டில் அவன் கதி என்ன?

இச்சோதனைக்குக் குறைகளும் உண்டு. ஒன்றிரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு ஒரு நாவலைப் படித்துச் சுவைக்கும் ஆற்றலை அளக்க இயலாது. அலெக்ஸ் வாக்கியத்தையே இன்னும் தெளிவாக எழுதியிருக்கலாம் என்றும் சிலர் சொல்வர். உண்மைதான். ஆனால் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளும், வாடகை ஒப்பந்தமும், வேதியியல் பாடமும் அழகான நடையில் எழுதப்பட்டு வருவதில்லையே! கரடுமுரடான வாக்கியத்தையும் கடந்து போகத்தானே படிப்பு? தோரோபோ-குன் தடுமாறிய வினாக்கள் பலவற்றுக்கு இன்றைய மொழி எந்திரங்கள் எளிதில் விடை தருகின்றன என்பதும் இந்தக் கவலையைக் கூட்டுகிறதேயன்றிக் குறைக்கவில்லை.

டோக்கியோவை அடுத்த சைத்தாமா வட்டாரத்திலுள்ள தோடா நகரப் பள்ளிகள் இச்சோதனையில் தொடக்கத்திலேயே பங்குகொண்டவை. அங்கு ஆசிரியர்களும் சோதனையைத் தாமே எழுதிப் பார்த்தனர். தம் பாடநூல்களிலிருந்து இத்தகைய வினாக்களை ஆக்கவும் முயன்றனர். இதற்குப் பெரிய கருவி ஏதும் வேண்டியதில்லை. ஒரு வரையறையும் சில எண்களும் போதும். 2ஆல் மீதியின்றி வகுபடும் எண் இரட்டைப்படை எண். வகுபடாதது ஒற்றைப்படை எண். 65, 8, 0, 110 ஆகியவற்றுள் இரட்டைப்படை எண்கள் எவை? அச்சோதனையில் வரும் வினாக்களுள் இதுவும் ஒன்று. விடை: 8, 0, 110. சுழியை விட்டுவிட்டவர்கள் வரையறையை மீண்டும் ஒருமுறை படிக்கவும். 0ஐ 2ஆல் வகுத்தால் ஈவு 0, மீதியும் 0.